ரிக் வண்டியின் நான்கு கால்கள்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ பேருந்தில் செல்லும்போது, சாலையோரம் நிற்கும் ரிக் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரியின் முதுகில் இரும்புக் கோபுரம் ஒன்று படுத்திருக்கும். கூடவே குழாய்களையும் டீசலையும் சுமந்து செல்லத் துணை லாரி ஒன்று நிற்கும். இந்த வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தருகின்றன. உங்கள் வகுப்பிலேயே தந்தையோ மாமாவோ அண்ணனோ ரிக் வண்டியில் வேலை செய்யும் மாணவர் ஒருவராவது இருக்கக்கூடும்.

சாலையில் ஓடும்போது இந்த வண்டியைத் தாங்குபவை சக்கரங்கள். வேலை தொடங்கும்போது சக்கரங்களுக்கு ஓய்வு. வண்டியின் அடியிலிருந்து இரும்புக் கால்கள் இறங்கி மண்ணில் ஊன்றிக்கொள்கின்றன. இவற்றைத்தான் ஜாக்கி என்கிறோம். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்றோ இரண்டோ இருக்கும். பார்ப்பதற்கு எளிய உறுப்பு. ஆனால் நீங்கள் வகுப்பில் படிக்கும் நெம்புகோல், சாய்தளம், திருகு, பாஸ்கல் விதி, அழுத்தம், ஈர்ப்பு மையம் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கியுள்ளன. இதைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

சக்கரம் ஏன் போதாது?

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். மாடுகளை அவிழ்த்துவிட்டால் வண்டி என்ன ஆகும்? இரண்டே சக்கரங்கள், ஆகவே முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்துவிடும். ஏர்க்காலுக்கு அடியில் ஒரு கொம்பை முட்டுக் கொடுத்தால் வண்டி நிற்கும். எந்தப் பொருளும் சாயாமல் நிற்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக் கோடு, அது ஊன்றியிருக்கும் புள்ளிகளை இணைக்கும் பரப்புக்குள் விழவேண்டும். இரண்டு சக்கரங்கள் ஒரு கோட்டைத்தான் தருகின்றன. மூன்றாவது ஊன்றுகோல் சேர்ந்ததும் அது முக்கோணமாகிறது.

மேலை நாடுகளில் காரின் பின்னால் வீடு போன்ற இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டு சுற்றுலா செல்கிறார்கள். 2021இல் கேரள அரசும் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. நிறுத்திய இழுவை வண்டிக்குள் ஒருவர் நடந்தால் அது ஆடும். அந்த ஆட்டத்தைப் போக்க, நான்கு மூலைகளிலும் சிறு ஜாக்கிகளை இறக்குவார்கள். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே உரியவை; வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. சக்கரத்தின் அடியில் பலகை வைத்து வண்டியை மட்டப்படுத்திய பிறகே அவற்றை இறக்க வேண்டும். ஆட்டம் நிறுத்தும் ஜாக்கியால் தூக்க முயன்றால் கால் வளைந்துபோகும்.

ரிக் வண்டியின் ஜாக்கி இரண்டு வேலைகளையும் செய்கிறது. லாரியின் வில்லும் டயரும் மேடு பள்ளங்களுக்கு விட்டுக்கொடுப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. சாலையில் இந்த நெகிழ்வு நண்பன். துளையிடும்போது அதுவே பகைவன். கீழே அழுத்தக் காற்றின் விசையால் சம்மட்டி பாறையை அடிக்கிறது. மேலே கோபுரம் குழாயைச் சுழற்றுகிறது. வண்டி வில்லின் மேல் நின்றால் ஒவ்வோர் அடிக்கும் ஆடும். ஆகவே எடையைச் சக்கரங்களிலிருந்து எடுத்து ஜாக்கிகளுக்கு மாற்றுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டால் அவற்றைப் பிடித்திருக்கும் கைபிரேக்குக்கு வேலையே இல்லை. சரிவான இடத்தில் நின்றால் வண்டி ஜாக்கியோடு நகரக்கூடும். எனவே முதலில் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. அதன் பிறகே ஜாக்கி. வைகாசி விசாகத்தில் திருச்செங்கோட்டுத் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவோரைப் பார்த்திருக்கிறீர்களா? பயன்படும் அறிவு ஒன்றே.

திருகின் அதிசயம்

நாமக்கல் பட்டறைகளில் லாரிக்கும் டிரெய்லருக்கும் பாடி கட்டுவார்கள். டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியைக் கழற்றியதும், டிரெய்லரின் முன்பகுதி இரண்டு இரும்புக் கால்களில் நிற்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கால் இறங்கும். உள்ளே இருப்பது திருகு.

திருகு என்பது உருளையைச் சுற்றிச் சுருட்டிய சாய்தளம். பட்டறையிலுள்ள ஒரு திருகு ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியின் நீளம் 60 செ.மீ., புரியிடைத் தூரம் 1 செ.மீ. என்க. கை ஒரு சுற்று வரும்போது கடக்கும் தூரம் 2 × 3.14 × 60 = 377 செ.மீ. எடை உயர்வதோ 1 செ.மீ. ஆகவே திசைவேக விகிதம் 377. உராய்வே இல்லையெனில் 1 கி.கி. விசையால் 377 கி.கி. எடையைத் தூக்கிவிடலாம்! உண்மையில் உராய்வு பெரும்பங்கை விழுங்கிவிடும். பயனுறுதிறன் 25 விழுக்காடு என்று கொண்டால் இயந்திர லாபம் சுமார் 94. அப்படியும் 2,000 கி.கி. எடையைத் தூக்க ஏறத்தாழ 21 கி.கி. விசை போதும். (எளிமைக்காக விசையைக் கிலோகிராம் எடையில் கூறுகிறேன். நியூட்டனாக மாற்ற 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

நான்கில் மூன்று பங்கு உழைப்பு வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த உராய்வுதான் நம்மைக் காக்கிறது. கைப்பிடியை விட்டதும் எடை திருகைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டுமல்லவா? இறங்குவதால் கிடைக்கும் ஆற்றல், உராய்வைச் சமாளிக்கத் தேவையான ஆற்றலைவிடக் குறைவு. எனவே திருகு தானாகச் சுழலாது. பயனுறுதிறன் 50 விழுக்காட்டுக்குக் குறைந்த இயந்திரம் தானாகப் பின்வாங்காது என்பது விதி.

அப்படியானால் கிரீஸ் பூசி உராய்வைக் குறைப்பது ஆபத்தில்லையா? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஜாக்கியின் திருகுப் புரி மிகக் குறைந்த சரிவுடன் வெட்டப்பட்டிருக்கும். 5 செ.மீ. விட்டமுள்ள திருகில் 1 செ.மீ. புரி என்றால் சரிவு நான்கு டிகிரிக்கும் குறைவு. கிரீஸ் பூசிய பிறகும் இந்தச் சரிவில் எடை வழுக்காது. பூசாவிட்டால்தான் தொல்லை: துருவும் மணலும் புரியைத் தேய்க்கும், தேய்ந்த புரி எடை தாங்காமல் ஒருநாள் உதிரும். ஆனால் இடைவிடாத அதிர்வு உராய்வின் பிடியைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாக இறங்கச் செய்யலாம். அதிரும் இயந்திரத்தைத் தாங்கும் திருகு ஜாக்கிக்குப் பூட்டு நட்டோ பூட்டு ஊசியோ அவசியம்.

எண்ணெயின் தோள்வலிமை

ரிக் வண்டியின் ஜாக்கி எண்ணெயால் இயங்குவது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கூறிய விதி உங்களுக்குத் தெரியும்: மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இந்த விதியைக் கொண்டு ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் 1795இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்குப் பெருந்தலைவலியாக இருந்தது பிஸ்டனைச் சுற்றிய கசிவு. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகராது. தளர்த்தினால் நீர் பீறிடும். அழுத்தம் கூடும்போது தானே விரிந்து அடைத்துக்கொள்ளும் கிண்ண வடிவத் தோல் வளையம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அவரது பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லியின் யோசனை அது என்பார்கள். தோலின் இடத்தில் இன்று செயற்கை ரப்பர் வந்துவிட்டது. நம் மெக்கானிக்குகள் அதை ‘ஆயில் சீல்’ என்கிறார்கள்.

ஜாக்கி உருளையின் உள்விட்டம் 10 செ.மீ. என்க. பரப்பு 78.5 சதுர செ.மீ. பம்பு தரும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 150 கி.கி. எனில், பிஸ்டன் தள்ளும் விசை 150 × 78.5 = 11,775 கி.கி.! ஏறத்தாழ 12 டன். ஒரு நெம்பை அசைத்தால் போதும், லாரியே எழும்புகிறது.

ஆனால் திருகுக்கு உள்ள தற்காப்பு இதற்குக் கிடையாது. எண்ணெய் வெளியேறினால் ஜாக்கி இறங்கும். எவ்வளவு எண்ணெய்? கணக்கிடுங்கள்: 78.5 கன செ.மீ., அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளையளவு கசிந்தால், கால் 1 செ.மீ. தாழ்ந்துவிடும். இரு ஜாக்கிகளுக்கு இடையே 220 செ.மீ. இருந்தால், 8 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சி சுமார் 3.6 செ.மீ. நகரும். தொடக்கத்திலேயே இந்தச் சாய்வோடு துளை நேர்கோட்டில் போனால், 300 மீட்டர் ஆழத்தில் அது செங்குத்திலிருந்து சுமார் 1.36 மீட்டர் விலகியிருக்கும். பாதியில் சாய்ந்தாலோ குழாய் துளையின் வாயில் உரசி வளையும்.

எனவே நல்ல ஜாக்கியில் உருளையோடு சேர்த்தே ஒருவழி வால்வு பொருத்துகிறார்கள். எண்ணெய் கொண்டுவரும் ஹோஸ் வெடித்தாலும், உருளைக்குள் உள்ள எண்ணெய் சிறைப்பட்டே இருக்கும், கால் சரியாது.

மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு

ஜாக்கி எவ்வளவு வலியதாக இருந்தாலும் அது நிற்பது மண்ணின் மேல்தான். 20 டன் வண்டி நான்கு கால்களில் சமமாக நின்றால், ஒரு காலுக்கு 5 டன். காலின் அடித்தட்டு 30 செ.மீ. சதுரம் என்றால் பரப்பு 900 சதுர செ.மீ.; அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 5.6 கி.கி. நீங்கள் இரு கால்களில் நிற்கும்போது தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.2 கி.கி. மட்டுமே. அடித்தட்டின் கீழ் 60 செ.மீ. சதுரமான கனத்த மரக்கட்டையை வைத்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, அழுத்தம் 1.4 கி.கி. ஆகக் குறைகிறது.

கட்டை கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பலகை வளைந்து, நடுப்பகுதி மட்டுமே எடையைத் தாங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மரத்தின் இழை குறுக்கும் நெடுக்குமாக இருப்பது நன்று. செங்கல்லையோ கருங்கல் துண்டையோ வைப்பது தவறு. மரம் முறியுமுன் முனகும், நார்நாராகப் பிளக்கும். நமக்கு ஒரு நொடி எச்சரிக்கை கிடைக்கும். கல் எச்சரிக்காமல் உடையும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். துளை ஆழமாக ஆகக் குழாய்கள் கூடுகின்றன. 6 மீட்டர் நீளக் குழாய் ஒன்று 60 கி.கி. என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டருக்கு 50 குழாய்கள். எடை 3 டன். இந்த எடை பெரும்பாலும் பின் ஜாக்கிகளின் மேல்தான் விழுகிறது. காலையில் 5 டன் தாங்கிய கால் மாலையில் 6.5 டன் தாங்க வேண்டும்.

தண்ணீர் வந்த நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய கிணறு வற்றிவிட்டது. கடன் வாங்கி ரிக் வண்டியை அழைத்திருந்தார். இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. ஏறக்குறைய 400 அடியில், பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டது. காற்றின் வேகத்தில் சேறும் நீரும் மேலே எழும்பி அனைவரையும் நனைத்தன. சித்தப்பா அழுதேவிட்டார். சிறுவர்கள் குதித்தார்கள்.

அந்த நேரத்தில் வண்டியை இயக்கியவர் இயந்திரத்தை நிறுத்தினார். எல்லோரும் திகைத்தோம். “ஏனுங்க நிறுத்திட்டீங்க? தண்ணி நல்லா வருதுங்களே!” என்றார் சித்தப்பா. அவர் வண்டியின் பக்கச் சட்டத்தில் வைத்திருந்த ரசமட்டத்தைக் காட்டினார். குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது. “தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாதுங்க. வண்டி சாஞ்சா ஆளு போயிருவாங்க” என்றார் அமைதியாக.

வலப்பக்கப் பின் ஜாக்கி இரண்டு விரற்கடை புதைந்திருந்தது. அதன் அடியில் இருந்த பலகை மெல்லியது, நடுவில் வளைந்துவிட்டது. ஏறக்குறைய 4 செ.மீ. தாழ்வு; 220 செ.மீ. இடைவெளியில் அது ஒரு டிகிரி சாய்வு. ஒரு டிகிரியில் வண்டி கவிழ்ந்துவிடாது என்பது உண்மை. ஆனால் சாய்ந்த பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை போகிறது. எடை கூடினால் மேலும் புதைகிறது. புதைந்தால் மேலும் சாய்கிறது. பீறிட்ட தண்ணீரோ அதே ஜாக்கியின் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஊறிய மண் எந்தக் கணத்தில் கைவிடும் என்று யார் சொல்ல முடியும்? எல்லோரும் மகிழும் நேரமே ரிக் வண்டிக்கு ஆபத்தான நேரம் என்பதை அன்று அறிந்தேன். நான் கல்லூரியில் ஈர்ப்பு மையம் நடத்துபவன். ஆனால் அன்று குமிழியைப் பார்த்தவர் அவர்தான்.

குழாய்கள் அனைத்தையும் வெளியே எடுத்தார்கள். பிறகு ஜாக்கியைத் தளர்த்தி, சேற்றை வாரி, ஜல்லி நிரப்பி, கனத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மீண்டும் மட்டம் பார்த்தார்கள். தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் ஒன்றையும் வெட்டினார்கள். நெடுநேரம் பிடித்தது. அந்தக் கிணற்று நீரில் சித்தப்பா மரவள்ளி பயிரிட்டார்.

பராமரிப்பு முறை

1. வேலை முடிந்ததும் ஜாக்கித் தண்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்த பிறகே உள்ளே இழுக்க வேண்டும். மணல் துகள் ஒன்று போதும்; பளபளப்பான தண்டில் கீறல் விழும். கீறல் சீலை அறுக்கும், கசிவு தொடங்கும்.

2. நிறுத்தி வைக்கும்போது தண்டு முழுவதும் உள்ளே இருக்கட்டும். வெளியே நீட்டிய தண்டு துருப்பிடிக்கும்.

3. எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஜாக்கி பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும்.

4. ஹோஸில் வெடிப்பு, உப்பல் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். கசிவைக் கைவிரலால் தடவிப் பார்க்கவே கூடாது. மிகுந்த அழுத்தத்தில் பீறிடும் மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

5. திருகு ஜாக்கியாக இருந்தால் பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, புதியதைப் பூச வேண்டும். அழுக்குக் கிரீஸ் அரத்தைப் போல் அராவும்.

6. ஜாக்கி தாங்கும் வண்டிக்கு அடியில், தனியாக மரக்கட்டையோ இரும்புத் தாங்கியோ முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது. இதற்கு விலக்கே இல்லை.

மேம்படுத்துவது எப்படி?

பழைய ஜாக்கிக்குப் பதிலாகப் பெரிய ஜாக்கி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எடை செல்லும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும்: வண்டிச் சட்டம், ஜாக்கியைப் பிடித்திருக்கும் பற்றவைப்பு, தண்டு, அடித்தட்டு, கட்டை, மண். இவற்றுள் எது மெலிந்ததோ அதுதான் முழு அமைப்பின் வலிமை. 10 டன் ஜாக்கியை 5 டன் தாங்கும் பற்றவைப்பில் தொங்கவிட்டால் கிடைப்பது 5 டன்தான்.

உயரம் போதவில்லை என்று காலை நீட்டுவதும் தவறு. மெல்லிய நீண்ட தண்டு நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். இதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை ஆராய்ந்தார். நீளம் இருமடங்கானால் வளையாமல் தாங்கும் எடை நான்கில் ஒரு பங்காகிவிடும். காலை நீட்டுவதைவிட அடியில் கட்டையை உயர்த்துவதே மேல். அடித்தட்டை அகலமாக்குவதும், அது மேடு பள்ளத்துக்கேற்பச் சாய்ந்து படியப் பந்து மூட்டு வைப்பதும், ஒருவழி வால்வு சேர்ப்பதும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை.

நான்கு கால்களில் நிற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு கால் நாற்காலி ஆடும். ரிக் வண்டியிலும் ஒரு கால் சுமையின்றித் தொங்கலாம். அல்லது ஒரே கால் அதிகம் உயர்ந்து சட்டத்தை முறுக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஜாக்கியையும் சிறிது சிறிதாக, மாறி மாறி உயர்த்தி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஊசி இல்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளை, ஒன்று பெரியது ஒன்று சிறியது, வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் மெல்லிய குழாயால் இணைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். சிறியதை நீங்கள் அழுத்துங்கள்; பெரியதை நண்பர் தடுக்கட்டும். யார் வெல்கிறார்கள்? பிறகு வேண்டுமென்றே சிறிது காற்றை விட்டு மீண்டும் செய்யுங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும்.

ஈர மணலில் ஒரு முக்காலியை வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். கால்கள் எவ்வளவு புதைகின்றன என அளந்துகொள்ளுங்கள். அடுத்து ஒவ்வொரு காலின் கீழும் சிறு பலகைத் துண்டை வைத்து மீண்டும் அளவெடுங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் ரிக் வண்டி வந்தால், கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் தள்ளி நின்று அதன் கால்களைப் பாருங்கள். கட்டை கனமாக உள்ளதா? தண்டில் எண்ணெய் வழிகிறதா? சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? உங்கள் வீட்டார் யாரேனும் அந்த வண்டியில் வேலை செய்தால், இன்று இரவு சாப்பிடும்போது ரசமட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும்; அதில் இல்லாத சிலவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.